வீட்டில் முடிந்தது மைதானத்தில் ஏன் முடிவதில்லை?

கேள்வி: கொக்குவில் தாய்

என் மகனுக்கு 11 வயது. ஓட்டிசம் உண்டென்று நான்கு வயதிலேயே உறுதிசெய்தார்கள். வீட்டில் சட்டைப் பொத்தான்களைத் தானே பூட்டுவான். சப்பாத்து நாடாவைக் கட்டுவான். எங்கள் ஒழுங்கையில் சைக்கிளும் ஓடுவான். ஆனால் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி தொடங்கி, மைதானத்தில் பாண்ட் வாத்தியமும் ஒலிபெருக்கியும் முழங்கும் நாள்களில், அதே பிள்ளை தட்டையான தரையில் தடக்கி விழுகிறான். தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்க முடியாமல் நிற்கிறான். வீட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலம் கழிந்த பின்னரும் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கைநழுவ விடுகிறான். "நேற்றுச் செய்தவனுக்கு இன்று ஏன் முடியாது? வேண்டுமென்றே செய்கிறான்" என்கிறார் வகுப்பாசிரியர். அவருக்கு என்ன மறுமொழி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சத்தமும் பதற்றமும் கைகால்களை உண்மையிலேயே இப்படிக் குலைக்குமா, அல்லது வேறு நோயொன்றை நான் கவனிக்கத் தவறுகிறேனா?

மறுமொழி 1: தொழில்வழிச் சிகிச்சையாளர்

குலைக்கும், அம்மா. நீங்கள் சொல்வதைப் போன்றதை நான் அடிக்கடி காண்கிறேன்.

நாம் விழாமல் நடப்பதற்குக் கண்கள், உள்காதிலுள்ள சமநிலை உறுப்பு, தசைகளிலும் மூட்டுகளிலும் இருந்து வரும் உணர்வு ஆகிய மூன்றையும் மூளை இடைவிடாமல் ஒன்றுசேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இந்த வேலை கவனத்தைக் கேட்காமலே நடந்துவிடுகிறது. ஓட்டிசம் உள்ள பலருக்கு அப்படியல்ல: நாடா கட்டுவதும் படியிறங்குவதும் பழகிய பின்னரும் அவற்றுக்குக் கொஞ்சம் கவனத்தைச் செலவழித்தே ஆக வேண்டியிருக்கிறது. பாண்ட் சத்தமும் வெயிலும் தோளில் இடிக்கும் பிள்ளைகளும் அந்தக் கவனத்தைப் பறித்துவிட்டால், கைகால்களுக்கென்று மிஞ்சுவது குறைவு. அத்துடன் நெருக்கீட்டின்போது அட்ரினலின் சுரந்து தசைகள் இறுகுகின்றன, விரல்கள் மெல்ல நடுங்குகின்றன; மூடி திறப்பது, பொத்தான் பூட்டுவது போன்ற நுண்ணிய அசைவுகள்தான் முதலில் கெடும். சத்தம் நின்றவுடன் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடாது என்பதற்கு மாலையில் விழுந்த அந்தக் கோப்பையே சாட்சி.

இது புதிதாகக் கண்டுபிடித்த விடயமும் அன்று. ஒஸ்திரிய வைத்தியர் ஹான்ஸ் அஸ்பேகர் ஓட்டிசம் பற்றி 1944 இல் எழுதிய கட்டுரையிலேயே பிள்ளைகளின் அசைவுத் தடுமாற்றம் குறிப்பிடப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் ஓட்டிசம் உள்ள 11,000 இற்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பெற்றோரிடம் கேள்விக்கொத்து மூலம் தகவல் பெற்று 2020 இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 87 சதவீதமான பிள்ளைகளுக்கு அசைவுக் குறைபாடு இருக்கக்கூடும் எனத் தெரிந்தது. (இது பெற்றோரின் விடைகளைக் கொண்டு கணித்தது; நேரடிப் பரிசோதனை அன்று.) ஆயினும், 2013 இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க உளமருத்துவ நோயறி கையேடு புலன்களின் மிகையுணர்வை ஓட்டிசத்துக்கான அளவுகோல்களுள் சேர்த்துக்கொண்டபோதிலும் அசைவுத் தடுமாற்றத்தை அவற்றுள் சேர்க்கவில்லை. ஆசிரியர்கள் இதை அறியாதிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இரண்டு விடயங்களில் மட்டும் தாமதிக்க வேண்டாம். விழும்போது நினைவு தவறினாலோ பார்வை வெறித்து நின்றாலோ வைத்தியரிடம் காட்டுங்கள், ஏனெனில் ஓட்டிசம் உள்ளவர்களிடையே வலிப்பு கூடுதலாகக் காணப்படுகிறது. அமைதியான வீட்டிலும் பல வாரங்களாக அசைவு மந்தமாகி, பாதியில் உறைந்து நிற்பதும் வேறு விடயம். லோர்னா விங், அமிதா ஷா ஆகியோர் 2000 இல் விவரித்த கற்றற்றோனியா நிலையா என அப்போது பார்க்க வேண்டும். உங்கள் மகனின் தடுமாற்றம் சத்தத்தோடு வந்து ஓய்வோடு போவதால், எழுத்தளவில் இரண்டும் போலத் தோன்றவில்லை.

மறுமொழி 2: உரும்பிராய்ச் சைக்கிள்காரன்

எனக்கும் ஓட்டிசம் உண்டு, வயது 34. அக்கா, ஆசிரியர் கேட்ட அதே கேள்வியை நானும் பல வருடங்கள் கேட்டிருக்கிறேன்.

நாள்தோறும் உரும்பிராயிலிருந்து நகரத்துக்குச் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். காலையில் திருநெல்வேலிச் சந்தையடியில் மினிபஸ் ஹோர்ன்களும் மீன் மணமும் ஆட்களும் ஒன்றாகச் சேரும்போது, பிறேக் பிடிக்கும் விரல் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாமல் போகும். கை இருக்கிறது, ஆனால் கையிலிருந்து செய்தி வருவதில்லை. அதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை. ஆகவே அந்த இடத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு போகிறேன். நல்லூர்த் திருவிழாவிலும் வெளிவீதி மணலில் நடப்பது எனக்குப் பிரச்சினையில்லை. உள்ளே சட்டையைக் கழற்றிவிட்டு, தவில் ஒலிக்க, வியர்த்த தோள்கள் உரச நிற்கும்போதுதான் படியின் உயரம் பிழைத்துப்போகும்.

அவன் தடுமாறும்போது "கவனமாக நட, கீழே பார்" என்று யாராவது சொல்கிறார்களா என்று பாருங்கள். எனக்கு அதுவே பெருந்தீங்காக இருந்தது. ஏற்கெனவே நிரம்பி வழியும் தலைக்குள் இன்னொரு குரலும் வந்து விழ, தானாக நடந்துகொண்டிருந்த கால் அதையும் மறந்துவிடும்.

மறுமொழி 3: இரு பிள்ளைகளின் தந்தை

பழக்கப்படுத்தினால் சரியாகிவிடாதா? நான் என் மகளை வேண்டுமென்றே கூட்டமான இடங்களுக்குக் கூட்டிச் சென்றேன்.

மறுமொழி 4: தொழில்வழிச் சிகிச்சையாளர்

ஐயா, பிள்ளை விரும்பி, தானே விலகிவரும் உரிமையோடு, சிறிது சிறிதாகப் பழகுவது வேறு. தாங்க முடியாத இடத்தில் நிறுத்திவைப்பது வேறு. பின்னையதில் பல பிள்ளைகள் அழாமல் நிற்கப் பழகுகிறார்கள். உள்ளே சுமை அப்படியே இருக்கும். மகள் அன்றிரவு எப்படித் தூங்கினாள் என்பதை நினைத்துப் பாருங்கள். அசைவுத் திறனை அமைதியான இடத்தில் வளர்த்து, பிறகு சத்தத்தை ஒவ்வொரு படியாகச் சேர்ப்பதே நான் கைக்கொள்ளும் முறை.

கொக்குவில் தாய்

எல்லோருக்கும் நன்றி. தம்பி, "கவனமாக நட" என்று சொல்வது வேறு யாருமல்ல, நான்தான். நேற்று ஆசிரியரைச் சந்தித்து, பாண்ட் தொடங்குவதற்கு முன்னர் காலை ஏழரைக்கே அவனை ஓடவிடலாமா என்று கேட்டேன். அவர் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை, ஆனால் வெள்ளிக்கிழமை பார்ப்போம் என்றார். இன்று மாலை அவன் வந்ததும் கோப்பையைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். பாதி ஆறிய பிறகு தானே எடுத்துக் குடித்திருக்கிறான்.