விமான நிலையம் – கிளாம்பாக்கம் மெட்ரோ: வேண்டுமா, மின்சார ரயிலே போதுமா?

ஊரப்பாக்கத்தான்
போன ஞாயிறு அதிகாலை நாலரைக்கு அம்மாவோடு திருநெல்வேலி பஸ்ஸில், சென்னைக்குத் தெற்கே கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. போக வேண்டியது அண்ணா நகரில் அக்கா வீட்டுக்கு. கோயம்பேட்டில் பஸ் நின்ற காலத்தில் ஒரு காபி குடித்துவிட்டு வாசலிலேயே மெட்ரோ ஏறுவோம், மூன்றாவது நிறுத்தம் அண்ணா நகர் டவர். இப்போது? ஆட்டோக்காரர் சொன்ன தொகையைக் கேட்டு, "இதுக்கு ஊருக்கே திரும்பிப் போயிடலாம்டா" என்றார் அம்மா.

2023 டிசம்பர் 30-ல் பேருந்து நிலையத்தைத் திறந்தாயிற்று. விமான நிலையத்துக்கு 2016-லேயே மெட்ரோ வந்துவிட்டது. வடக்கே விம்கோ நகர் வரை 2021-ல் நீட்டிவிட்டார்கள். தெற்கே மட்டும் திட்ட அறிக்கைதான் ஓடுகிறது: 15.46 கி.மீ, 13 நிலையங்கள், 9,335 கோடி ரூபாய். இதைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி எல்லோரும் மனுக் கொடுக்க வேண்டாமா? "ரயில்தான் இருக்கே" என்று யாராவது வருவீர்கள், தெரியும்.

தண்டவாளத் தாத்தா
வந்துவிட்டேன் தம்பி. ரயில்தான் இருக்கே!

நான் மின்சார ரயில் ஓட்டும் மோட்டார்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் ஓட ஆரம்பித்தது. மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) வண்டி 2004 ஜூலை 1-ல் கடைசியாக ஓடிய அன்று நானும் பிளாட்பாரத்தில் நின்றேன். நீங்கள் கேட்கும் மெட்ரோ அதே தண்டவாளத்துக்கு ஒட்டினாற்போல, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று அதே ஊர்கள் வழியாகத்தான் வரப்போகிறது. மெட்ரோவுக்கு நாலு பெட்டி, மின்சார ரயிலுக்குப் பன்னிரண்டு. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு டிக்கெட் 10 ரூபாய். மெட்ரோவில் அதே 10 ரூபாய்க்கு ஓரிரண்டு நிலையம் போகலாம்.

இன்னொன்று. தாம்பரம் – செங்கல்பட்டு நாலாவது தடத்துக்கு 2025-ல் ரயில்வே ஒப்புதல் கொடுத்தது. 30 கி.மீ, சுமார் 757 கோடி. உங்கள் மெட்ரோவுக்குக் கிலோமீட்டருக்கே 600 கோடி ஆகிறது. ஒன்றேகால் கிலோமீட்டர் மெட்ரோ போடுகிற காசில் செங்கல்பட்டு வரை தடம் போட்டுவிடலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

குரோம்பேட்டை அக்கா
தாத்தா, கணக்கு சரி. காலை எட்டே முக்காலுக்கு குரோம்பேட்டையில் பெண்கள் பெட்டி முன்னால் நின்று பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் இன்ஜின் அறையில் இருந்தீர்கள், நாங்கள் கதவில் இருந்தோம்.

எனக்கு பீச் வரைக்கும் போக வேண்டாம். கிண்டியில் வேலை. வண்டி தாம்பரத்திலேயே நிரம்பி வரும். செங்கல்பட்டு வண்டியென்றால் கேட்கவே வேண்டாம், கூடுவாஞ்சேரியிலேயே கால் வைக்க இடமிருக்காது. ஒரு கையில் டிபன் பை, ஒரு கையில் கம்பி, துப்பட்டா யார் பையின் ஜிப்பிலோ மாட்டியிருக்கும். கிண்டியில் இறங்கும்போது அதை விடுவிக்கவே தனித்திறமை வேண்டும். கதவு மூடுகிற வண்டியில் ஒருநாளாவது போகிறேனே.

தண்டவாளத் தாத்தா
அம்மா, கதவு மூடுகிற வண்டி ரயில்வேயிலும் வந்துவிட்டது. 2025 ஏப்ரலிலிருந்து கடற்கரை – செங்கல்பட்டு ஏசி வண்டி ஓடுகிறதே.

குரோம்பேட்டை அக்கா
ஓடுகிறது தாத்தா, குறைந்தபட்சமே 35 ரூபாய். நாளுக்கு ஓடுவது சில நடைதான். நான் போகிற நேரத்துக்கு அது வராது. அது வருகிற நேரத்துக்கு நான் போனால் வேலை போய்விடும்.

பறக்கும் ரயில் பார்ட்டி
இரண்டு பக்கமும் சண்டை போடுங்கள், நான் வேளச்சேரிக்காரன், வேடிக்கை பார்க்கிறேன். எங்கள் பறக்கும் ரயில், அதாவது தூண் மேல் ஓடும் ரயில், 1995-ல் சேப்பாக்கம் வரை, 1997-ல் மயிலாப்பூர், 2007-ல் வேளச்சேரி. அப்புறம் பரங்கிமலைக்கு வெறும் 5 கி.மீ. 2008-ல் தொடங்கிய வேலை, ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத்துக்காக வருஷக்கணக்கில் நின்றது. எங்கள் தெருவில் அப்போது பிறந்த பையன் காலேஜ் வயசுக்கு வந்துவிட்டான். விமான நிலையம், தாம்பரம் வழியாகப் போகும் ஜிஎஸ்டி ரோட்டில் மெட்ரோவுக்குத் தூண் நட ஆரம்பித்தால் எப்போது முடியும் என்று தேதி கேட்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை
தாத்தாவின் 757 கோடி ஒப்பீட்டில் ஒரு சிக்கல். நாலாவது தடம் வந்தால் அதன் பலன் எக்ஸ்பிரஸ்களுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் போகும். தெற்கே போகிற பெரும்பாலான வண்டிகளுக்கு அதுதான் வழி. தாம்பரம் வரை புறநகர் வண்டிக்குத் தனித் தடம், தாண்டினால் எல்லாம் கலந்து ஓடுகிறது. தடம் கூடினால் வண்டி கூடும் என்று எழுதிக் கொடுப்பார்களா?

அதேசமயம் ஊரப்பாக்கத்தாருக்கும் ஒரு கேள்வி. மெட்ரோ முதல் வண்டி காலை 5 மணிக்கு. உங்கள் அம்மா இறங்கியது நாலரைக்கு. மெட்ரோ இருந்திருந்தாலும் அரைமணி நேரம் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஊரப்பாக்கத்தான்
உட்காரட்டும் சார், அரைமணி நேரம்தானே. காபி குடிப்போம். ஐந்து மணிக்கு வண்டி வரும் என்று தெரிந்தால் உட்காரலாம். இப்போது எதற்காக உட்காருவது?

தாத்தாவுக்கு: கிளாம்பாக்கம் ரயில் நிலையத்தைச் சொல்லப் போகிறீர்கள், அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பேருந்து நிலையத்தைத் திறந்த பிறகுதான் எதிர்ப்பக்கம் ரயில் நிலையத்துக்கே கடைக்கால் தோண்டினார்கள். வீட்டைக் கட்டி, பால் காய்ச்சி, அப்புறம் வாசற்படி வைத்த கதை.

தண்டவாளத் தாத்தா
அதில் நான் உங்கள் கட்சி. வாசற்படியை முதலில் வைத்திருக்க வேண்டும். நடைமேம்பாலமும் கூடவே வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கோபத்தில் 9,335 கோடிக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை. மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கே 118.9 கி.மீ, 63,246 கோடி ஓடிக்கொண்டிருக்கிறது. சிறுசேரி, பூந்தமல்லி, மாதவரம் என்று ரயிலே பார்க்காத ஊர்களுக்கு அது போகிறது. அதை நான் எதிர்க்கவில்லை. ஏற்கெனவே தண்டவாளம் உள்ள ஊருக்கு இரண்டாவது தண்டவாளம் எதற்கு?

விம்கோ நகர்
எங்கள் ஊரிலும் இதையே சொன்னார்கள் ஐயா. திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி ரயில் போகிறது, மெட்ரோ எதற்கு என்று. இன்று என் மாமியார் தேரடியில் ஏறி நேரே ஆயிரம் விளக்கில் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார். ரயிலென்றால் சென்ட்ரலில் இறங்கி, ரோடு தாண்டி, பஸ் பிடித்து… அவர் ரயிலை விட்டு மெட்ரோவுக்கு மாறவில்லை. முன்பு போகாமலே இருந்தார். இப்போது போகிறார்.

கணக்குப்பிள்ளை
இது நல்ல பாயின்ட். ரயில் பயணிகளை மெட்ரோ பறிக்குமா என்றே எல்லோரும் கேட்கிறோம். ஜிஎஸ்டி ரோட்டில் ஸ்கூட்டரிலும் ஷேர் ஆட்டோவிலும் போகிறவர்களை யார் கணக்கில் எடுக்கிறோம்? பல்லாவரம் – தாம்பரம் என்று சின்ன தூரம் போகிறவர்கள் அவர்கள்.

குரோம்பேட்டை அக்கா
அப்படியே கடைக்காரர்களையும் கணக்கில் எடுங்கள் சார். என் தம்பிக்கு ஜிஎஸ்டி ரோட்டில் பாத்திரக்கடை. தூண் வேலைக்குத் தகரம் அடித்தால் மூன்று வருஷம் வியாபாரம் படுத்துவிடும் என்று இப்போதே புலம்புகிறான். மெட்ரோ வேண்டும் என்று சொல்கிற நானே அவனிடம் வாயைத் திறப்பதில்லை.

பறக்கும் ரயில் பார்ட்டி
வீட்டுக்குள்ளேயே கட்சி பிரிந்துவிட்டதா? சபாஷ்.

தண்டவாளத் தாத்தா
நேற்று ஒரு வேலை செய்தேன். குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, திரிசூலத்தில் இறங்கி, விமான நிலைய மெட்ரோவுக்கு நடந்தேன். கையில் ஐந்து கிலோ அரிசிப் பை, ஊரப்பாக்கத்தார் அம்மாவின் பெட்டிக்குப் பதிலாக என்று வைத்துக்கொள்ளுங்கள். படி இறங்கி, சுரங்கப்பாதையில் போய், ஜிஎஸ்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் படி ஏறி, வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்து, மெட்ரோ வாசலைத் தொடும்போது பதினோரு நிமிடம். எனக்கு வயது 68. பாதியில் பையைக் கீழே வைத்து மூச்சு வாங்கினேன்.

கிண்டியிலும் பரங்கிமலையிலும் ரயிலிலிருந்து மெட்ரோவுக்கு மாறுவது இவ்வளவு பாடில்லை. கிளாம்பாக்கத்திலிருந்து ரயிலில் வந்து திரிசூலத்தில் ஒரு நகரும் படியும் மழை படாத நடைபாதையும் இருந்தால், 9,335 கோடியில் ஒரு சுண்டைக்காய் அளவுதான் செலவு. அதைச் செய்துவிட்டு, நாலாவது தடத்தையும் போட்டுவிட்டு, அப்படியும் கூட்டம் தாங்கவில்லையென்றால் மெட்ரோவைக் கேளுங்கள். அப்போது நானும் வருகிறேன்.

ஊரப்பாக்கத்தான்
நடந்து பார்த்ததற்கு நன்றி ஐயா. நான் மெட்ரோவை விடவில்லை. ஆனால் அந்தப் பதினோரு நிமிடத்தை மனுவில் முதல் வரியாகப் போட்டுக்கொள்கிறேன். அம்மா அடுத்த வாரம் ஊருக்குத் திரும்புகிறார். அண்ணா நகரிலிருந்து கிளாம்பாக்கத்துக்கு, இரவு ஒன்பது மணி பஸ். எந்த வழியாக அழைத்துப் போகட்டும், சொல்லுங்கள்.

குரோம்பேட்டை அக்கா
டவரில் மெட்ரோ ஏறி பரங்கிமலை, அங்கே லிஃப்ட் இருக்கிறது, இறங்கி செங்கல்பட்டு வண்டி பிடித்து வண்டலூர், அங்கிருந்து கிளாம்பாக்கம். ஏழு மணிக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள் தம்பி. பரங்கிமலையில் உட்கார இடம் கிடைக்காது, அம்மாவைப் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிடுங்கள். யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள்.