குரோம் தோலா, பட்டைத் தோலா, பியூவா? நம் ஊர் ஈரப்பதத்துக்கு எது தாங்கும், எதன் கழிவு குறைவு?

பினாங்குப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே பல்கலைக்கழகத்தில் வேதியியல் கடைசி வருடம் படிக்கிறேன். இறுதியாண்டு ஆய்வுக்குத் தோலை எடுத்துக்கொள்கிறேன் என்றேன், மேற்பார்வையாளரும் சரி என்றார், ஆனால் தலைப்பு ரொம்ப அகலமாகக் கிடக்கிறது. அதைச் சுருக்கத்தான் உங்கள் உதவி வேண்டும்.

என் அத்தை லிட்டில் இந்தியா பக்கம் செருப்பும் கைப்பையும் விற்கிறார். வாங்கிப் போனவர்கள் ஒன்றிரண்டு வருடத்தில் அதையே திரும்பத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வார் அறுந்திருக்காது, தையலும் பிரிந்திருக்காது, மேலே இருக்கும் பூச்சு மட்டும் கறுப்புச் செதில்களாக உரிந்து பாதத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் பிசுபிசுக்கும். அது தோலே இல்லை, துணிமேல் பூசிய பியூ, அதாவது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக், என்று எனக்குத் தெரியும். ஆனால் அத்தைக்குச் சரக்கு போடுகிறவர் "மாட்டைக் கொல்லவில்லை, குரோமியம் இல்லை, சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்று சொல்லியே கொடுக்கிறார். இன்னொருவர் மரப்பட்டையில் பதனிட்ட தோல் கொண்டுவந்தார். விலை அதிகம், அது கூடப் பரவாயில்லை, மழைக்காலத்தில் அலமாரியில் வைத்த பைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை பிடித்துவிட்டது.

குரோம் (குரோமியம் உப்பில் பதனிட்ட தோல்), பட்டை, பியூ மூன்றையும் நம் தட்பவெப்பத்தில் ஒப்பிட்டால் அது உருப்படியான ஆய்வாக இருக்குமா? பெரிய கருவி எதுவும் கிடைக்காது. "குரோமியம் இல்லை" என்பதை "கழிவு இல்லை" என்று எடுத்துக்கொள்ளலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆம்பூர்க்காரன்_கேஎல்:

தங்கச்சி, நான் ஆம்பூரில் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், பல வருடம் இருந்தவன், இப்போது கோலாலம்பூரில் வேறு பிழைப்பு. உங்கள் தலைப்பைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தோல் என்றால் பெரும்பாலும் கொலாஜன். மூன்று இழை பின்னிய சடை மாதிரி. பதனிடாத தோலைத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றினால் 60, 65 டிகிரியிலேயே அந்தச் சடை அவிழ்ந்து தோல் சுருண்டுவிடும். பதனிடுவது என்பது அந்த இழைகளுக்கு நடுவே பிணைப்புப் போடுவதுதான். குரோம் முறையில் முதலில் உப்பும் அமிலமும் சேர்த்து பிஎச்சை 3 வாக்கில் இறக்குவோம். அப்புறம் பேசிக் குரோமியம் சல்பேட்டை டிரம்மில் போட்டு உள்ளே ஊடுருவ விட்டு, பிஎச்சை மெதுவாக 4க்குப் பக்கத்தில் ஏற்றினால் குரோமியம் போய்க் கொலாஜனின் கார்பாக்சில் முனைகளைப் பிடித்துக்கொள்ளும். பதனிடுகிற கட்டம் ஒரே நாளில் முடிந்துவிடும். டிரம்மைத் திறந்தால் தோல் வெளிர்நீலமாக இருக்கும், வெட் புளூ என்பது அதுதான். நன்றாகப் பதனிட்டது கொதிநீரையே தாங்கும்.

பட்டைத் தோல் வேறு கதை. பட்டையில் இருக்கும் துவர்ப்புப் பொருளான டானின் பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பில் பிடிப்பதால் சுருங்கும் வெப்பநிலை 70இலிருந்து 85 வரைதான் போகும். குழியில் ஊறப்போட்டால் வாரக்கணக்கில் ஆகும், தடித்த தோலுக்கு மாதக்கணக்கில் ஆகும். எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். இப்போது வாட்டில் மரப்பட்டைச் சாற்றை இறக்குமதி செய்கிறார்கள்.

அத்தை கடையில் இருக்கும் தோல் எது என்று தெரியாவிட்டால் ஒரு மெல்லிய துண்டு வெட்டிக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போடுங்கள். பட்டைத் தோல் சட்டென்று சுருண்டு, காய்ந்ததும் மரம் மாதிரி விறைத்துவிடும். குரோம் தோல் ஏறக்குறைய அப்படியே கிடக்கும். இன்னொன்று, பட்டைத் தோலை நனைத்து அதன்மேல் இரும்பு ஆணியை வைத்துப் பாருங்கள், ஆணி பட்ட இடம் மை கொட்டியது போலக் கறுத்துவிடும், டானினும் இரும்பும் சேர்வதால் வருவது அது. எரித்துப் பார்க்கும் சோதனை என்று யாராவது சொன்னால் வேண்டவே வேண்டாம். குரோம் தோலை எரித்தால் அந்தச் சாம்பலில் குரோமியம் 6 வரும், அதுதான் புற்றுநோய் உண்டாக்குவது. தோலில் இருக்கும் குரோமியம் 3 வேறு, அது வேறு.

பட்டைத் தோல் என்றால் நூறு வருடம் உழைக்கும் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள், அதையும் அப்படியே நம்பாதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் கட்டிய புத்தகங்களின் தோல் அட்டைகள் பழைய நூலகங்களில் செந்தூளாக உதிர்கின்றன. காற்றில் இருக்கும் கந்தக டைஆக்சைடை உறிஞ்சி அமிலமேறியதுதான் காரணம், அதுவும் வாட்டில் வகை டானின் போட்டவைதான் கடுக்காய் வகையைவிட மோசமாகப் பாதிக்கப்படுகின்றன. ஆக "பட்டை" என்று பொதுவாக எழுதாமல் எந்தப் பட்டை என்று விற்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உறுமிசெட்_பிறை:

நான் வேதியியல் படிக்கவில்லை, உறுமி, தப்பு கட்டுகிறவன். பிறை ஊரில் எங்கள் செட்டுக்கும் (வாத்தியக் குழுவுக்கும்) மற்ற செட்டுக்கும் தைப்பூசத்துக்கு முன்னால் தோல் மாற்றுவதே வேலை. உங்கள் ஒப்பீட்டில் பதனிடாத தோலையும் நாலாவதாகச் சேர்க்கச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன்.

வாத்தியத்துக்குப் போடுவது பதனிட்ட தோல் இல்லை. முடியை எடுத்துச் சுரண்டி, ஈரமாக இருக்கும்போதே வளையத்தில் இழுத்துக் கட்டிக் காயவிடுவோம். காய்ந்ததும் கண்ணாடி மாதிரி வெளிச்சம் ஊடுருவும், சுண்டினால் கணீரென்று கேட்கும். பதனிட்ட தோலைப் போட்டால் சத்தம் செத்துப்போகும், அது இளகுவதற்காகவே செய்தது. ஆனால் பச்சைத்தோல் காற்றில் இருக்கும் ஈரத்தை உடனே குடிக்கும். சாயங்காலம் மழை பெய்தால் தொய்ந்துவிடும், நெருப்பில் காட்டி விறைக்க வைத்துத்தான் வாசிக்க வேண்டும். அளவுக்கு மேல் காட்டினால் ஓரத்தில் சுருங்கிக் கிழியும். அந்த அண்ணன் 60, 65 டிகிரி என்று எழுதியதைப் படித்தபோதுதான் ஏன் அப்படி ஆகிறது என்று எனக்கே விளங்கியது.

பூஞ்சை விஷயத்தில் ஒன்று. தோலைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடாதீர்கள், அத்தையிடமும் சொல்லுங்கள். காற்று ஓடுகிற இடத்தில் துணிப்பையில் தொங்கவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். எண்ணெய் அதிகம் தடவினால் பூஞ்சைக்குத்தான் தீனி.

கழிவுநீர்_பட்டர்வொர்த்:

நான் தொழிற்சாலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் வேலை செய்கிறேன். தங்கை கேட்ட "குரோமியம் இல்லை என்றால் கழிவு இல்லையா" என்பதற்கு என் பதில், இல்லவே இல்லை.

குரோமியத்துக்கு முன்னாலேயே அழுக்கு ஆரம்பித்துவிடும். தோல் கெடாமல் இருக்க அதன் எடையில் 40 விழுக்காடு அளவுக்கு உப்புப் போடுகிறார்கள், அது முழுக்க ஊறவைக்கும் தண்ணீரில் கரைந்து வெளியே வரும். சாதாரண சுத்திகரிப்பில் கரைந்த உப்பு போகாது. அடுத்து முடியை எடுக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும். இந்தத் தண்ணீர் அமிலத்தோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும், தொட்டிக்குள் இறங்கியவர்கள் ஏறாமலே போன கதைகள் இந்தத் தொழிலில் நிறைய. பட்டைத் தோலுக்கும் குரோம் தோலுக்கும் இந்த இரண்டு கட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு டன் பச்சைத்தோலுக்கு 30, 40 கன மீட்டர் தண்ணீர் செலவாகி, கடைசியில் கைக்கு வருவது 200, 250 கிலோ தோல்.

அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. சாதாரண குரோம் முறையில் போட்ட குரோமியத்தில் 60, 70 விழுக்காடுதான் தோலில் ஏறும், மீதி தண்ணீரில். ஆனால் குரோமியத்தைப் பிஎச் ஏற்றிப் படியவைத்துத் திரும்ப எடுக்க முடியும், அது நன்றாகத் தெரிந்த வேலை. பட்டைத் தோலின் கழிவு காப்பித்தூள் நிறத்தில் வரும், டானின் சீக்கிரம் மக்காது, நுண்ணுயிர்த் தொட்டியே திணறும். மலேசியாவில் 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைப்படி குரோமியம் 6 லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, குரோமியம் உள்ள சேறு அட்டவணைக் கழிவில் (ஆபத்தான கழிவுகளின் பட்டியலில்) வரும், கண்ட இடத்தில் கொட்ட முடியாது. ஆனால் நாம் இங்கே போடும் தோல் பெரும்பாலும் வேறு நாட்டில் பதனிட்டது. சேறு அங்கேயே தங்கிவிடுகிறது, இதை உங்கள் ஆய்வில் ஒரு பத்தியாவது எழுதுங்கள்.

ஆம்பூர் பக்கம் ஓடும் பாலாற்றில் தோல் ஆலைகளால் நடந்ததை ஆம்பூர் அண்ணனே சொல்லலாம்.

ஆம்பூர்க்காரன்_கேஎல்:

சொல்கிறேன். எங்கள் வேலூர் வட்டாரத்துத் தோல் ஆலைகள்மேல் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட்டில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனது என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கெடுத்தவன்தான் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. அதற்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, தண்ணீரைத் திரும்ப எடுக்கும் முறை வந்தது. ஆனால் உப்பு எங்கே போகும்? ஆவியாக்கி எடுத்த உப்பைக் கொட்டி வைக்க இடம் தேடுகிறார்கள். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் ஒரு சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்தார்கள். அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தவனுக்குக் குரோமா பட்டையா என்று யோசிக்கத் தோன்றாது, உப்புதான் தெரியும்.

சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இலிருந்து இருக்கிறது. தண்ணீர் சேர்க்காமல் குரோம் ஏற்றும் முறையை அவர்கள் ஆலைகளுக்கே கொண்டுபோயிருக்கிறார்கள், அதைப் பற்றிய கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள்.

பினாங்குப்பொண்ணு:

ரொம்ப நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. கழிவை அளப்பது என் கையில் இல்லை, அதை முன்னுரையோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆய்வைத் தாங்கும் காலத்தில் வைக்கிறேன். குரோம், வாட்டில் தோல், பியூ, பச்சைத்தோல் நாலையும் மூடிய ஜாடியில் வைத்து, அடியில் சாப்பாட்டு உப்பின் தெவிட்டிய கரைசல் ஊற்றினால் உள்ளே 75 விழுக்காடு ஈரப்பதம் நிற்கும், பொட்டாசியம் சல்பேட் ஊற்றினால் 97 வாக்கில் நிற்கும். இரண்டையும் ஓட்டிப் பூஞ்சை, சுருங்கும் வெப்பநிலை, இழுவிசை பார்க்கலாமா? பியூவுக்கு இது போதுமா? குரோமியம் 6 ஐயும் சேர்க்கலாமா?

கழிவுநீர்_பட்டர்வொர்த்:

உப்புக் கரைசல் யோசனை அருமை, செலவே இல்லை. பியூவுக்கு அறை வெப்பநிலை போதாது. அதில் பாலியெஸ்டர் வகையாக இருந்தால் எஸ்டர் பிணைப்பைத் தண்ணீர் வெட்டும், உங்கள் அத்தை கடைச் செருப்பு பிசுபிசுப்பது அதனால்தான், ஆனால் அதற்குக் காலம் பிடிக்கும். 70 டிகிரி, 95 விழுக்காடு ஈரத்தில் சில வாரம் வைப்பது வழக்கம், ஓவனில் மூடிய ஜாடி வைத்தே செய்யலாம். அந்தச் சூட்டில் பட்டைத் தோலையும் பச்சைத்தோலையும் சேர்த்து வைக்காதீர்கள், ஈரத்தோடு 70 டிகிரி என்றால் அவை சுருங்கிப்போகும், ஒப்பீடே கெட்டுவிடும்.

குரோமியம் 6க்கு ஈரம் எதிரி மாதிரி. வறண்ட சூட்டில்தான் அது அதிகம் உருவாகும், 80 டிகிரியில் 24 மணி நேரம் வறட்சியில் வைத்துவிட்டு ஐஎஸ்ஓ 17075 முறையில் அளப்பார்கள். ஐரோப்பாவில் 2015 மே முதல் உடம்பில் படும் தோலுக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம்தான் வரம்பு. உங்கள் ஆய்வகத்தில் நிறமானி இருந்தால் டைபினைல்கார்பசைடு போட்டு நீங்களே பார்க்கலாம், ஊதா நிறம் வரும். தோலின் சாயம் குறுக்கே வந்து நிறத்தைக் கெடுக்கும், அதனால் சாயம் போடாத வெட் புளூ கிடைத்தால் நல்லது.

அப்புறம், கழிவை முன்னுரையில் விடுங்கள், பரவாயில்லை, ஆனால் முடிவில் ஒரு கணக்கு மட்டும் போடுங்கள். ஒரு செருப்புக்கு இவ்வளவு என்று பார்க்காமல், ஒரு வருடம் போட்டால் இவ்வளவு என்று பாருங்கள். இரண்டு வருடத்தில் குப்பைக்குப் போகும் பியூவும் எட்டு வருடம் உழைக்கும் தோலும் அப்போதுதான் ஒரே தராசில் ஏறும்.

ஆம்பூர்க்காரன்_கேஎல்:

ஒன்று மறந்துவிடக் கூடாது தங்கச்சி. துண்டுகளை எங்கிருந்து வெட்டுகிறீர்கள் என்பது முக்கியம். முதுகுப்பக்கத்தில் இழை நெருக்கம், வயிற்றுப்பக்கம் தளர்வு, இழுத்தால் ரப்பர் மாதிரி வரும். குரோமை முதுகிலும் பட்டைத் தோலை வயிற்றிலும் வெட்டிவிட்டால் நீங்கள் அளப்பது மாட்டின் உடம்பை, பதனிட்டதை இல்லை. முதுகெலும்புக்கு இணையாகப் பாதி, குறுக்கே பாதி வெட்டுங்கள், ஒவ்வொன்றின் தடிமனையும் முன்கூட்டியே குறித்துவையுங்கள். கோலாலம்பூரில் முழுத்தோலாக விற்கும் கடை எனக்குத் தெரியும், வெட்டிய துண்டாக வாங்காதீர்கள். தனிச்செய்தி அனுப்புங்கள், சொல்கிறேன்.