பழைய ஐ5 கம்ப்யூட்டர், கல்யாண போட்டோ வேலை: எஸ்எஸ்டியா, 4 டிபி ஹார்டு டிஸ்க்கா?

ஆல்பம்_திண்டுக்கல்
ஸ்டூடியோ சிஸ்டம் ஐ5-4460, எச்81 போர்டு, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்னே ஒன்னு. விண்டோஸ் 10 வந்து மவுஸ் சொன்னபடி கேட்க நாலு நிமிஷம் ஆகுது. லைட்ரூம்ல 2000 படம் இருக்கிற ஃபோல்டரைத் திறந்தா டிஸ்க் 100%லயே நிக்குது. மிச்ச இடம் 60 ஜிபிதான். 4 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கவா, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (சின்ன கார்டு மாதிரி இருக்கிற வேகமான வகை) வாங்கவா? ஒரு கார்டு வச்சு என்விஎம்இயை மாட்டிடலாம்னு கடையில சொல்றாங்க. எஸ்எஸ்டி சொல்லாமக் கொள்ளாம போயிடும்னும் சொல்றாங்க.

கடைசி_செக்டர்
அந்த போர்டுக்கு என்விஎம்இ வேண்டாம். எச்81 பயாஸுக்கு (விண்டோஸுக்கு முன்னாடி போர்டுல ஓடுற சாஃப்ட்வேர்) பொதுவா என்விஎம்இயிலிருந்து பூட் பண்ணத் தெரியாது. கார்டு போட்டா விண்டோஸுக்குள்ள டிரைவ் தெரியும், ஆனா அதிலிருந்து விண்டோஸ் கிளம்பாது. சின்ன ஸ்லாட்ல மாட்டினா செகண்டுக்கு 400 எம்பி வந்தாலே அதிகம். சாதாரண 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க் மாதிரியே கேபிள்ல மாட்டுறது) 500ஐத் தாண்டும். அதையே வாங்குங்க.

உங்க டிஸ்க் திணறுறதுக்குக் காரணம் தேடும் நேரம். 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்று சுத்த 8.3 மில்லிசெகண்ட் எடுக்கும். ஹெட் நகர்ற நேரத்தையும் சேர்த்தா ஒரு சின்ன ஃபைலை எட்ட 12, 13 மில்லிசெகண்ட். அதாவது செகண்டுக்கு 80 ஃபைல் பக்கம்தான். லைட்ரூம் பிரிவியூ, விண்டோஸ் பூட் ரெண்டுமே ஆயிரக்கணக்கான சின்ன வாசிப்பு. எஸ்எஸ்டி அதையே செகண்டுக்குப் பல ஆயிரம் செய்யும்.

எஸ்எஸ்டி போட்டாலும் வேகமாகாத வேலைகளும் இருக்கு. கேமராவில் போடுற யூஎச்எஸ்-1 வகை மெமரி கார்டின் உச்சமே செகண்டுக்கு 104 எம்பி. 64 ஜிபி கார்டை எதில் இறக்கினாலும் 10, 12 நிமிஷம் ஆகும். ரீடரை யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்க, 2.0ல் செருகினா அரை மணி நேரம். ஜேபெக் எக்ஸ்போர்ட் பிராசஸர் வேலை, டிஸ்க்கை மாத்தி அதில் பெரிய லாபம் வராது.

வடக்குமாசி_வீதி
வாங்குறதுக்கு முன்னாடி கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோல (டிஸ்க் ஆரோக்கியம் காட்டுற சாஃப்ட்வேர்) பழைய டிஸ்க்கைப் பாருங்க. 05 (மாத்தின கெட்ட செக்டர்), சி5 (படிக்கத் திணறுற செக்டர்) ரெண்டு வரியிலயும் கடைசி எண் 0 ஆ இருக்கணும். சி5 ஏறிட்டே போனா குளோன் (டிஸ்க்கை அப்படியே நகல் எடுக்கிறது) எல்லாம் அப்புறம், முதல்ல படங்களை வெளியே எடுங்க. சி7 (டேட்டா வர்ற வழியில பிழை) மட்டும் ஏறினா டிஸ்க் மேல பழி போடாதீங்க, பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் காரணம்.

எச்81ல நாலு சாட்டா போர்ட் இருந்தா ரெண்டுதான் 6 ஜிகாபிட். மாத்திச் செருகினா 280 எம்பியோட நின்னுடும். போர்ட் நிறத்தை நம்பாம போர்டு புத்தகத்தைப் பாருங்க. பயாஸ்ல சாட்டா மோடு, பழைய ஐடிஇ இல்லாம, ஏஎச்சிஐ ஆ இருக்கணும். ஐடிஇ மோடுல போட்ட விண்டோஸை அப்படியே ஏஎச்சிஐக்கு மாத்தினா நீலத்திரை வரும். சேஃப் மோடுல ஒரு தடவை பூட் ஆகி வந்தா பெரும்பாலும் சரியாகிடும்.

புதுசா விண்டோஸ் போடுறப்போ பழைய டிஸ்க்கோட கேபிளைக் கழட்டிடுங்க. இல்லைன்னா பூட் பார்ட்டிஷன் பழைய டிஸ்க்குலயே போய் உட்கார்ந்துக்கும். பின்னாடி என்னைக்காவது அதைக் கழட்டினா கம்ப்யூட்டர் எழுந்திருக்காது.

காப்பி_ரெண்டு
வேகத்தைப் பத்தியே பேசிட்டிருக்கோம். டிஸ்க் ஒன்னுதான்னா அதில் இருக்கிற கல்யாணங்களுக்கு ரெண்டாவது காப்பியே இல்லைன்னு அர்த்தம். எனக்கு முதல் செலவு அதுதான். உள்ளே மாட்டுற 4 டிபி அதுக்கு உதவாது, பவர் சப்ளை அடி வாங்கினா ரெண்டும் சேர்ந்து போகும். 250 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்னு, 2 டிபி யூஎஸ்பி ஹார்டு டிஸ்க் ஒன்னு வாங்குங்க. காப்பி முடிஞ்சதும் யூஎஸ்பியைக் கழட்டி பீரோவுல வைங்க. அந்த டிஸ்க் எஸ்எம்ஆர் (டிராக் ஒன்னு மேல ஒன்னு படிஞ்சிருக்கிற) வகையா இருக்கலாம். பழசை அழிச்சு அழிச்சு எழுதினா ஊர்ந்துதான் போகும், எழுதி வச்சுட்டு விட்டா பிரச்சினை இல்லை.

எஸ்எஸ்டி பயம் பாதி உண்மை. 500 ஜிபி எஸ்எஸ்டி சிலதுக்கு 300 டிபி வரை எழுத உத்தரவாதம் தர்றாங்க. தினமும் 50 ஜிபி எழுதினாலும் 16 வருஷம். 250க்கு அதில் பாதின்னு வச்சுக்கோங்க, அதுவே உங்களுக்கு ஜாஸ்தி. ஆனா கன்ட்ரோலர் போச்சுன்னா எந்தச் சத்தமும் இல்லாம போகும், உள்ளே இருக்கிறதை மீட்கிறது ரொம்பக் கஷ்டம். இன்னொன்னு, தவறி அழிச்ச ஃபோல்டரை ஹார்டு டிஸ்க்குல ரெக்கவரி சாஃப்ட்வேர் வச்சுத் தேடலாம். எஸ்எஸ்டியில டிரிம் (அழிச்ச இடத்தைக் காலி பண்ணச் சொல்ற கட்டளை) ஓடி முடிஞ்சிருந்தா தேட ஒன்னும் இருக்காது. படம் எடுத்த கார்டை ரெண்டு காப்பி ஆகுற வரைக்கும் ஃபார்மட் பண்ணாதீங்க.

வருஷக்கணக்கா பீரோவுல தூங்கப்போற படங்களை எஸ்எஸ்டியில வைக்காதீங்க. கரன்ட் இல்லாம, வெக்கையில கிடந்தா செல்லுல இருக்கிற சார்ஜ் மெல்ல கசியும், தேய்ஞ்ச டிரைவ்ல இன்னும் சீக்கிரம்.

ஆல்பம்_திண்டுக்கல்
நன்றிங்க. 250ல லைட்ரூம் அடங்குமா? பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் பண்ணிடலாமா?

கடைசி_செக்டர்
கிட்டத்தட்ட நிரம்பின 1 டிபியை 250க்குள்ள குளோன் பண்ண முடியாது. புது இன்ஸ்டாலே நல்லது. காசு கொஞ்சம் இடம் கொடுத்தா 500 எடுங்க, முழுசா நிரம்பின எஸ்எஸ்டி எழுதுறதுல மந்தமாகும். க்யூஎல்சி (ஒரு செல்லுல நாலு பிட் அடைக்கிற) வகையை மட்டும் தவிர்த்துடுங்க, கேஷ் தீர்ந்ததும் சிலது ஹார்டு டிஸ்க்கை விட மெதுவா எழுதும்.

லைட்ரூமை மூடிட்டு, கேட்டலாக் ஃபைலையும் (படங்களோட பட்டியலும் நீங்க செஞ்ச எடிட்டும் இருக்கிறது) அதன் பக்கத்துல இருக்கிற பிரிவியூ ஃபோல்டரையும் சேர்த்து எஸ்எஸ்டிக்கு மாத்துங்க. கேமரா ரா கேஷையும் (ரா படங்களுக்கான தற்காலிக ஃபைல்கள்) செட்டிங்ஸ்ல அங்கேயே காட்டுங்க. படங்கள் பழைய டிஸ்க்குலயே இருக்கட்டும். அது இதுவரை D: ஆ இருந்திருந்தா புது விண்டோஸ்லயும் டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் அதே எழுத்தைக் கொடுங்க. எழுத்து மாறிட்டா லைட்ரூம்ல ஃபோல்டருக்கு ஃபோல்டர் கேள்விக்குறிதான் நிக்கும்.