1:144 ஃபான் டெர் டான்: முதல் சண்டைக் கப்பலில் எதற்கு முதல் இடம்?

அணியம்:

ரேடியோவில் ஓடும் மாடல் போர்க்கப்பல்கள் சிறு எஃகுக் குண்டுகளால் ஒன்றையொன்று சுட்டு மூழ்கடிக்கும் விளையாட்டுக்காக, அதன் 'ஃபாஸ்ட் கன்' விதிப்படி, ஜெர்மன் பேட்டில்குரூசர் (வேகமான பெரிய போர்க்கப்பல்) ஃபான் டெர் டான் (1910) மாடல் கட்டுகிறேன். அளவு 1:144. ஃபைபர்கிளாஸ் ஹல் (கப்பலின் உடற்கூடு) கையில் இருக்கிறது, நீளம் 119 செ.மீ., அகலம் 18.5 செ.மீ. இன்னும் கத்தி வைக்கவில்லை.

குண்டு துளைப்பதற்காக ஹல்லின் பக்கங்களில் விடும் ஜன்னல்களை எந்தக் கட்டத்தில் வெட்டுவது? அவற்றை மூடும் பால்சா (மிக லேசான மரம்) தோலை எப்படி ஒட்டினால் குண்டு பட்டதும் கிழியாமல் ஓட்டை மட்டும் விழும்? மொத்த எடை எவ்வளவு வரலாம்? அசல் கப்பலில் நான்கு கோபுரங்களில் எட்டுப் பெரிய பீரங்கிகள். மாடலில் எத்தனை வைப்பது சரி? உள்ளே இடம் குறைவு என்பதால் உள்ளே வரும் தண்ணீரை இறைக்கும் பம்ப், பீரங்கியைச் சுட வைக்கும் கேஸ், பேட்டரி மூன்றில் எதற்கு முதலில் இடம் ஒதுக்குவது என்றும் சொல்லுங்கள்.

விலாக்கட்டை:

எடையில் தொடங்குவோம், மற்றதெல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அசல் கப்பல் முழுச் சுமையோடு 21,300 டன். 1:144 என்றால் எடையை 144-இன் முப்படியால் (144×144×144), அதாவது சுமார் 29.86 லட்சத்தால் வகுக்க வேண்டும். வருவது 7.1 கிலோ. பேட்டரி, நிரப்பிய சிலிண்டர், குண்டு எல்லாம் சேர்த்து இந்த எடைக்குள் நிற்க வேண்டும். உங்கள் கிளப் கூடுதலாக எவ்வளவு அனுமதிக்கிறது என்று விதிப்புத்தகத்தில் பாருங்கள்.

ஜன்னல் வெட்டும் விஷயத்தில்தான் நிறைய ஹல்கள் வீணாகின்றன. வெறும் ஹல்லை எடுத்து நேராக ஜன்னல் வெட்டினால், பக்கச்சுவர் தளர்ந்து மேல்விளிம்பு வளைந்துவிடும். பிறகு டெக் எந்தக் காலத்திலும் சரியாக உட்காராது. முதலில் மேல்விளிம்பின் உள்பக்கம் சுற்றிலும் ஒரு மரச்சட்டத்தை எபாக்சியில் ஒட்டுங்கள். 20 செ.மீ.க்கு ஒன்றாகக் குறுக்குக் கட்டைகள் வைத்து அகலத்தைப் பூட்டுங்கள். 24 மணி நேரம் இறுகவிட்டு, அதன் பிறகு ஜன்னல்.

ஜன்னலுக்கு ஜன்னல் நடுவே மிஞ்சும் பட்டைதான் விலா. அதற்கான பொது அளவு, ஒரு அங்குலத்துக்கு ஒரு விலா, அகலம் 1/8 அங்குலம் (3.2 மி.மீ.). பென்சிலில் முழுவதும் குறித்து, ஒவ்வொரு ஜன்னலின் நான்கு மூலையிலும் 3 மி.மீ. துளை போட்டு, துளைக்குத் துளை வெட்டுங்கள். மூலை கூராக இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஒன்று விட்டு ஒன்றாக வெட்டி வந்தால் ஹல் முறுக்காது. ஃபைபர்கிளாஸ் தூசிக்கு முகமூடி கட்டாயம்.

தோலுக்கு 1/32 அங்குல (0.8 மி.மீ.) பால்சா. மர இழை கப்பலின் நீளவாக்கில் ஓட வேண்டும். இழையை மாற்றிப் போட்டால் அடிவளைவில் மடங்காமல் ஒடியும். வெறும் பால்சாவில் குண்டு பட்டால் இழையோடு நீளமாகப் பிளந்துவிடும், ஒரு குண்டுக்கு நான்கு குண்டின் தண்ணீர் உள்ளே வரும். அதைத் தடுக்கத்தான் சில்க்ஸ்பேன் என்ற மெல்லிய மாடல் தாளை டோப் (வார்னிஷ் போன்ற பூச்சு) பூசி மேலே ஒட்டுகிறோம். தாள் இழையைப் பிடித்துக்கொள்ளும், ஓட்டை உருண்டையாக விழும். டோப்பும் பெயின்டும் மெல்லிசாக இருக்கட்டும். தோலை சூப்பர் குளூவால் ஊறவைத்துக் கெட்டியாக்குவது விதிக்கும் விளையாட்டுக்கும் விரோதம். விலாவில் ஒட்ட கான்டாக்ட் சிமென்ட் போதும். சண்டைப் பருவம் முடிந்து தோலை உரிக்கும்போது ஹல்லுக்குச் சேதம் இராது.

நீர்த்தூம்பு:

பம்புக்குத்தான் முதல் இடம், அதுல சந்தேகமே வேண்டாம். கணக்கு போட்டுக் காட்டறேன்.

குண்டு போட்ட 4.4 மி.மீ. ஓட்டை ஒண்ணு, நீர்மட்டத்துக்கு 2.5 செ.மீ. கீழே. தண்ணி உள்ள வர்ற வேகம் சுமார் 0.7 மீ/வி. ஓட்டையோட பரப்பு, ஓரத்துல ஏற்படுற சுருக்கம் எல்லாம் கழிச்சா நிமிஷத்துக்கு 0.38 லிட்டர். பம்போட வெளிவாய் 1/8 அங்குலத்துக்கு மேல போகக் கூடாது. அந்த வாய் வழியா நிமிஷத்துக்கு 4 லிட்டர் தள்ளுற பம்ப் உங்ககிட்ட இருந்தா, பத்து சுத்தமான ஓட்டை வரைக்கும் சமாளிக்கும். ஓட்டை கிழிஞ்சிருந்தா அஞ்சோ ஆறோதான். எதிரி ஒரே ஒரு நிமிஷம் பக்கத்துல ஒட்டிக்கிட்டு வந்தாலே அத்தனை ஓட்டை விழும்.

அதனால பம்பைக் கப்பல்ல மாட்டறதுக்கு முன்னாடி வாளியில வெச்சு சோதிங்க. வெளிவாயில 1/8 அங்குல ஓட்டை போட்ட தட்டை மாட்டி, ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப எத்தனை வினாடின்னு பாருங்க. 15 வினாடின்னா 4 லிட்டர். 25 வினாடிக்கு மேல போச்சுன்னா இம்பெல்லருக்கும் (பம்புக்குள்ள சுத்துற சக்கரம்) கூட்டுக்கும் நடுவுல இடைவெளி அதிகம், இல்லேன்னா ஒயர் மெலிசா இருந்து வோல்டேஜ் விழுது.

பம்ப் அடைக்கறதுக்கு மூணே காரணம்: பால்சா சில்லு, சில்க்ஸ்பேன் துண்டு, உள்ள விழுந்த குண்டு. உறிஞ்சுற வாயைச் சுத்தி 3 மி.மீ.க்கு மேல போகாத கண்ணுள்ள வலையைக் கூடை மாதிரி வளைச்சுப் போடுங்க. தட்டையா வெச்சீங்கன்னா ஒரே தாள் துண்டு மொத்தத்தையும் மூடிடும்.

இன்னொண்ணு, தண்ணி பம்புக்கு வந்து சேரணும். அடித்தளம் தட்டையா இருந்தா, அரை லிட்டர் தண்ணி கூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓடி, திரும்பும்போது கப்பலைக் கவிழ்த்திடும். நடுவுல ஒரு அங்குல அகலத்துக்கு வாய்க்கால் விட்டு, ரெண்டு பக்கமும் தண்ணி குடிக்காத ஃபோம் வெச்சு எபாக்சி பூசுங்க. ஃபோமை உயரமா ஏத்தாதீங்க, அது மிதவைக் கணக்குல வந்திடும். ஓட்டை விழுந்து நிரம்பினா கப்பல் முழுகித்தான் ஆகணும், விதி அது. பேட்டரியை வாய்க்காலுக்கு ரெண்டு பக்கமும் அடியோட அடியா படுக்க வைங்க. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ரெண்டு செல் (6.6 வோல்ட்) நல்லா உழைக்கும். பம்புக்குத் தனி ஃபியூஸ், மோட்டாருக்குத் தனி ஃபியூஸ்.

பித்தளைக்குழாய்:

மேலே சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். பீரங்கிக்கு வருவோம். கப்பலின் அளவைப் பொறுத்து விதி இத்தனை யூனிட் (பம்புக்கும் பீரங்கிக்கும் பங்கிட்டுக்கொள்ளும் ஒதுக்கீடு) என்று கொடுக்கும். பம்புக்கு ஒன்று போக மீதிதான் பீரங்கிக்கு. ஒரு முழு யூனிட் பீரங்கிக்கு 50 குண்டு. எட்டுக் குழலும் சுட வேண்டும் என்ற ஆசையை விடுங்கள்; சுடாத குழல்கள் வெறும் மரக்குச்சியாக இருக்கட்டும். பின்கோபுரத்தில் இரண்டு, நடுக்கோபுரம் ஒன்றில் பக்கவாட்டாக ஒன்று. மூன்றும் நம்பகமாகச் சுட்டாலே போதும்.

கேஸ் வழி: கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், பீரங்கிக்கு ஒரு சிறு தேக்கக்கலம், வால்வு, குழல். அழுத்தத்தின் உச்ச வரம்பு 150 பிஎஸ்ஐ. அளவுமானியைக் கப்பலிலேயே நிரந்தரமாக மாட்டிவிடுங்கள். சிலிண்டர் படுத்த நிலையில் இருக்கும் என்பதால் உள்ளே வளைந்த சைஃபன் தடுப்புக் குழாய் வேண்டும், அதன் வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரவமே ரெகுலேட்டருக்குள் போய் உறைந்து, பீரங்கி இரண்டு சுட்டதும் நின்றுவிடும். சிலிண்டரைக் கரையில் வெயிலில் வைக்காதீர்கள். 20 டிகிரியில் உள்ளழுத்தம் சுமார் 830 பிஎஸ்ஐ, சூடு ஏற ஏற வேகமாக எகிறும்.

தேக்கக்கலத்திலிருந்து வால்வு வழியாகக் குழல்வரை உள்ள தூரம் 5 செ.மீ.க்குள் இருந்தால் அடி பலமாக விழும். நீளக் குழாயில் கேஸ் விரிந்து வீரியம் போய்விடும். குழலின் பின்வாயில் குண்டைப் பிடித்து வைக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்)தான் இந்த வேலையின் உயிர். தளர்வாக இருந்தால் ஒரே சுடலில் இரண்டு குண்டு உருண்டு வரும். இறுக்கமாக இருந்தால் கேஸ் வீணாகி, குண்டு 'தொப்'பென்று பக்கத்திலேயே விழும். ஓ-ரிங் நான்கைந்து வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. செம்பு பூசிய எஃகுக் குண்டு நல்லது. ஈரம் பட்டால் அதுவும் துருப்பிடித்து, குண்டுகளை அடுக்கி வைக்கும் மேகசின் குழாயில் சிக்கும் என்பதால், நாள் முடிந்ததும் குழாயைக் காலி செய்துவிடுங்கள்.

பக்கவாட்டுக் குழலின் சாய்வு: குழல் நீருக்கு 7.5 செ.மீ. மேலே, எதிரி 90 செ.மீ. தூரத்தில், நீர்மட்டக் கோட்டுக்கு 2 செ.மீ. கீழே அடிக்க வேண்டும் என்றால் சரியாக 6 டிகிரி. அதற்கும் ஆழமாகக் குறிவைத்தால் குண்டு தண்ணீரிலேயே வேகம் இழந்துவிடும். கோட்டுக்கு மேல் விழும் ஓட்டைக்கு 10 புள்ளி, கோட்டில் 25, கீழே 50. குழல் சுமார் ஒன்றேகால் டிகிரி மேலே தவறினாலும் குண்டு கோட்டிலேயே பட்டு, புள்ளி பாதியாகும்.

விலாக்கட்டை:

பக்கவாட்டுக் குழல் முதல் பருவத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. பக்கத்தில் அடிக்க எதிரியோடு இணையாகப் போக வேண்டும். அவர் அதே நேரம் உங்களையும் அடிப்பார். பின்னால் சுடும் இரண்டு குழலோடு திரும்பி ஓடப் பழகினால் கப்பல் கரை சேரும். இந்தக் கப்பலுக்கு இரட்டைச் சுக்கான். நான்கு தண்டுகளில் உள் இரண்டை ஓட்டினால் புரொப்பல்லர் தள்ளும் நீர் நேராகச் சுக்கானில் மோதும், திரும்பும் வட்டம் சுருங்கும். அதிகபட்ச வேகம் 100 அடிக்கு இத்தனை வினாடி என்று விதியின் கப்பல் பட்டியலில் இருக்கும். 26 வினாடி என்றால் 1.17 மீ/வி. புரொப்பல்லரை மாற்றி வேகத்தைக் குறைப்பதைவிட, தண்டில் ஒரு தடைத்தட்டு பூட்டிக் குறைப்பது மேல். கிளம்பும் வேகமும் பின்வாங்கும் வேகமும் குறையாது.

அணியம்:

மிக்க நன்றி. பின்குழல் இரண்டோடு தொடங்குகிறேன், பக்கக் குழலுக்கு இடம் மட்டும் விட்டுவைக்கிறேன். மூழ்கிய பிறகு ரிசீவர் (ரேடியோ கட்டளை வாங்கும் பெட்டி), சர்வோ (சுக்கான் போன்றவற்றை அசைக்கும் சிறு மோட்டார்) பிழைக்குமா?

நீர்த்தூம்பு:

பிழைக்கும், தயார் பண்ணி வெச்சிருந்தா. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ சிக்னல் தண்ணிக்குள்ள போகாது, அதனால சிக்னல் போனதும் மோட்டாரும் பீரங்கியும் நிக்கற மாதிரி ஃபெயில்சேஃப் வைங்க. ரிசீவரை ரப்பர் வளையம் போட்ட டப்பாவுல, டெக்குக்கு ஒட்டி உசரத்துல. சர்வோவைப் பிரிச்சு கியர் பெட்டியில கிரீஸ் அடைச்சு, ஒயர் நுழையற இடத்துல சிலிகோன் பூசுங்க. கப்பல் மூழ்கின இடத்தைக் காட்டற மீட்பு மிதவையோட கயிறு, குளத்தோட ஆழத்தை விட ரெண்டு மடங்கு நீளம் இருக்கட்டும்.

மேல தூக்கினதும் வரிசை மாறக் கூடாது: குழல் முனைக்கு மூடி, சிலிண்டர் வால்வை அடைச்சு மிச்ச கேஸை வெளியேத்தறது, பேட்டரியைக் கழட்டறது, அதுக்கப்புறம்தான் தண்ணியைக் கொட்டறது. மூடி போடற வரைக்கும் கரையில யாரும் கண்கவசத்தைக் கழட்டக் கூடாது. பக்கமும் மூடின வகையா இருக்கணும், சாதா மூக்குக்கண்ணாடி போதாது. குளத்துத் தண்ணி சேறா இருந்தா நல்ல தண்ணியில ஒரு தடவை அலசி, மோட்டார் பேரிங்குக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பத்து நிமிஷம் வெறுமனே ஓட விடுங்க.