அஞ்சாவது லேப்ல மூச்சு வாங்குற யமஹா ஆர்1 பைக், நாளைக்கு பிராக்டிஸ், அவசர உதவி ப்ளீஸ்

குளறுபடிகாரன் (வெள்ளி, இரவு 9.40)
நண்பர்களே, ரேஸ் டிராக்ல வண்டி அஞ்சாவது லேப்ல (சுத்துல) இழுக்க மாட்டேங்குது. ஸ்ட்ரெயிட்ல ஃபுல்லா முறுக்கினா திணறித் திணறி அடங்கிடுது. பிட்டுக்கு (டிராக் ஓரத்துல வண்டி பாக்குற இடத்துக்கு) தள்ளிட்டு வந்து பத்து நிமிஷம் விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. ஃப்யூவல் பம்ப் மாத்தியாச்சு. நாளைக்குக் காலையில 8 மணிக்கு பிராக்டிஸ். சீக்கிரம் சொல்லுங்க.

கோவை_சேட்டை
ஏனுங்க, தலைப்புல ஆர்1னு போட்டா ஆச்சுங்களா? எந்த வருஷம்? இசியூ, அதான் எஞ்சின் கம்ப்யூட்டர், கம்பெனி போட்டதா, மாத்துனதா? எந்த டிராக்? பெட்ரோல் எவ்வளவு ஊத்துனீங்க?

பம்ப்_பாண்டி
ரெக்டிஃபையர்தான்ணே, பேட்டரிக்குச் சார்ஜ் குடுக்குறது. கண்ணை மூடிக்கிட்டு மாத்துங்க. சூடானா சார்ஜ் விழும், ஆறுனா வரும். எங்க சித்தப்பா வண்டியும் இப்படித்தான்.

கோவை_சேட்டை
உங்க சித்தப்பா வண்டி என்னங்க?

பம்ப்_பாண்டி
ஷேர் ஆட்டோ. கரண்டு எல்லாத்துக்கும் ஒண்ணுதான?

குளறுபடிகாரன்
சாரி, அவசரத்துல விட்டுட்டேன். 2012 மாடல். நாலு பேர் சேர்ந்து அம்பத்தூர் ஷெட்ல சொந்தக் காசுல கட்டுனது, ஸ்பான்சர்னு யாரும் கிடையாது. ஹெட்லைட், கண்ணாடி, சைடு ஸ்டாண்ட் எல்லாம் கழட்டி ரேஸ் பாடி (ஃபேரிங்) போட்டாச்சு. இசியூ ஃபிளாஷ் பண்ணது (புரோகிராம் மாத்துனது). டிராக் இருங்காட்டுக்கோட்டை. தண்ணி டெம்ப் 96 தாண்டல. எரர் கோட் இல்ல. ஸ்டாண்டுல வெச்சு முறுக்கினா பிரச்சனையே வராது, டைனோலயும் (பவர் அளக்குற மெஷின்லயும்) வரல.

சர்_கிராங்க்
தம்பி, கேக்குறதுக்கு முன்னாடி பழைய இழைகளைத் தேடுங்கன்னு பத்து வருஷமாச் சொல்லிட்டிருக்கேன். அது கிராஸ்பிளேன் எஞ்சின். 270-180-90-180 டிகிரின்னு சீரில்லாத இடைவெளியில வெடிக்குது. அதுக்கு மேப் (எப்ப எவ்வளவு பெட்ரோல்ங்கிற இசியூ கணக்கு) போடறது எல்லாருக்கும் வராது. ஃபுல்லா முறுக்கும்போது லீன் ஆகுது, பெட்ரோல் பத்தல, அவ்வளவுதான். மேப் போட்ட ஆளை மாத்துங்க.

கோவை_சேட்டை
மேப் தப்புன்னா மொத லேப்லயே தெரிஞ்சிருக்கணுமுங்களே. அஞ்சு லேப் வரைக்கும் எண்ணிக்கிட்டு உக்காந்திருக்குமா?

சர்_கிராங்க்
நான் விவாதத்துக்கு வரல. தெரிஞ்சதைச் சொன்னேன்.

ஒயர்_ஜாயிண்ட்
சைடு ஸ்டாண்டைக் கழட்டுனீங்கன்னா அந்த சுவிட்ச் ஒயரை நேரா இணைச்சு ஜம்பர் அடிச்சிருப்பீங்க. முறுக்கி டேப் சுத்துனதா, சால்டர் வெச்சதா?

குளறுபடிகாரன்
சால்டர் வெச்சு ஹீட் ஷ்ரிங்க் போட்டது ப்ரோ. ஆட்டிப் பாத்துட்டேன்.

ஒயர்_ஜாயிண்ட்
அப்ப அது இல்ல. அந்த லைன் கட்டானா டக்குனு அணையும், இப்படித் திணறாது. பெட்ரோல் பக்கம் பாருங்க.

நீலப்புகை
எல்லாம் இந்த எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் செய்ற வேலை. வெயில்ல ஆவியாயிடுது. ஆனா ஒண்ணு சொல்லட்டா, ஷெட்ல கட்டுன வண்டிய வெச்சுக்கிட்டு ஃபேக்டரி டீம் (பைக் கம்பெனியே நடத்துற டீம்) மாதிரி ஓட்டணும்னா நடக்காது. காசு இருக்கிறவன் விளையாட்டு இது.

ஒயர்_ஜாயிண்ட்
ஏன் நடக்காது? 2011ல உலக சூப்பர்பைக் பட்டத்தை கார்லோஸ் செக்கா ஜெயிச்சது ஆல்தியான்ற தனி டீம்லதான். டுகாட்டி தன்னோட ஃபேக்டரி டீமையே அந்த வருஷம் இறக்கல.

சர்_கிராங்க்
வண்டியும் சாமானும் எங்கிருந்து வந்துச்சு? ஃபேக்டரியில இருந்துதானே? அதைத் தனி டீம்னு சொன்னா நானும் தனி டீம்தான்.

ஒயர்_ஜாயிண்ட்
சரி, பிரிட்டன் வி1000 பைக்? நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச்ல ஜான் பிரிட்டன் ஒரு சின்னக் கூட்டத்தை வெச்சு எஞ்சின்ல இருந்து கார்பன் சக்கரம் வரைக்கும் தானே செஞ்சார். ரேடியேட்டர் சீட்டுக்கு அடியில, பின் ஷாக் எஞ்சினுக்கு முன்னாடி. 1992ல அமெரிக்காவோட டேடோனா ரேஸ்ல டுகாட்டியோட மல்லுக்கட்டுச்சு.

சர்_கிராங்க்
ஜெயிச்சுதா? கரண்ட் கோளாறுல நின்னுச்சு. மொத்தமே பத்து வண்டிதான். அதை மியூசியத்துல வெச்சுப் பாத்துக்கலாம்.

பம்ப்_பாண்டி
பாத்தீங்களா, அங்கயும் கரண்டுதான். ரெக்டிஃபையரை மாத்துங்கண்ணே.

சோழவரத்தான்
தம்பிகளா, சண்டை அப்புறம் போடலாம். குளறுபடி, வண்டி நின்ன உடனே டேங்க் மூடியைத் திறந்து பாத்தியா? நாங்க சோழவரம் ஓடுதளத்துல ரேஸ் ஓட்டுன காலத்துல இருந்து இந்த வியாதியைப் பாத்திருக்கேன். மொபெட்ல மூடி ஓட்டை அழுக்கடைச்சா மூணு கிலோமீட்டர்ல நிக்கும். மூடியைத் திறந்தா உஸ்ஸுன்னு காத்து உள்ள போகும், அடுத்த மிதியில கிளம்பிடும்.

குளறுபடிகாரன்
இது ரேஸ் மூடி சார், அதுல ஓட்டையே கிடையாது. டேங்க்ல இருந்து தனி ஹோஸ் 250 மில்லி கேட்ச் கேனுக்கு (வழியுற பெட்ரோலைப் பிடிக்கிற டப்பாவுக்கு) போகுது. ஸ்க்ரூட்டினியில (ரேஸுக்கு முந்தின வண்டி சோதனையில) கேப்பாங்கன்னு போன வாரம்தான் அந்த ஹோஸ்ல ஒரு பக்கம் மட்டும் விடற நான்-ரிட்டர்ன் வால்வு போட்டோம்.

கோவை_சேட்டை
அட, இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்லங்க!

குளறுபடிகாரன்
அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு நெனச்சேன்.

சோழவரத்தான்
சம்பந்தம் அதுலதான். இருங்காட்டுக்கோட்டை ஒரு சுத்து 3.7 கிலோமீட்டர். அஞ்சு லேப்னா பதினெட்டு கிலோமீட்டருக்கு மேல. அந்த ஓட்டத்துக்கு உன் வண்டி மூணு லிட்டராவது குடிச்சிருக்கும். அந்த மூணு லிட்டர் காலி இடத்துக்குக் காத்து எந்த வழியா வரும்? வரலன்னா டேங்க் உள்ளுக்குள்ள உறிஞ்சிப் பிடிச்சுக்கும். சூடான பெட்ரோல் பம்ப் வாயிலயே நுரைச்சு ஆவியாகி பிரஷர் விழுந்துடும். ஸ்டாண்டுலயும் டைனோலயும் அவ்வளவு குடிக்கல, அதான் காட்டிக்குடுக்கல. பத்து நிமிஷம் நின்னா எங்கயோ ஒரு இடுக்கு வழியா கொஞ்சம் காத்து ஏறிடும்.

அந்த வால்வு எதுக்கு? வண்டி கவுந்தா பெட்ரோல் வெளிய கொட்டாம இருக்க. வெளிய விடக்கூடாது, உள்ள காத்தை விடணும். கழட்டி, சுத்தமாத் துடைச்சிட்டு ஊதிப் பாரு. ஊதுற காத்து டேங்க் பக்கம் போகணும். மேல அம்புக்குறி இருந்தா அது டேங்க்கைப் பாக்கணும், கேனை இல்ல. ஃபேரிங் மாட்டும்போது ஹோஸ் எங்கயாவது நசுங்குதான்னும் பாத்துக்க.

சர்_கிராங்க்
ஓட்டை அடைச்சா நிக்கும்னு குழந்தைக்குக்கூடத் தெரியும். இவர் அதைச் செக் பண்ணிட்டுத்தான் வந்திருப்பார்னு நெனச்சேன்.

நீலப்புகை
இ20ல ஆவியாகும்னு நான்தான் மொதல்ல சொன்னேன், ஞாபகம் இருக்கட்டும்.

குளறுபடிகாரன் (சனி, காலை 10.15)
மூடியைத் திறந்தேன், உஸ்ஸுன்னு பக்கத்து பிட் வரைக்கும் கேட்டுச்சு. அம்பு கேனைப் பாத்துக்கிட்டிருந்தது. திருப்பிப் போட்டு 12 லேப் போயாச்சு, ஒரு திணறல் இல்ல. பெரியவருக்குக் கோடி நன்றி. கூப்பிடறாங்க, வர்றேன்.

கோவை_சேட்டை
லேப் டைம் என்னங்க?

கோவை_சேட்டை (ஞாயிறு)
ஏனுங்க, லேப் டைம்?

பம்ப்_பாண்டி
வேலை முடிஞ்சுது, ஆள் எஸ்கேப். புது பம்புக்குக் குடுத்த காசை நெனச்சு அழுதுக்கிட்டிருப்பாரு.

சர்_கிராங்க்
எதுக்கும் மேப்பையும் ஒரு தடவை பாத்துக்கச் சொல்லுங்க.

ஒயர்_ஜாயிண்ட்
சரி, செக்காவை விடுங்க. 1991ல டக் போலன் அதே உலக சூப்பர்பைக் பட்டம் ஜெயிச்சது ஃபாஸ்ட் பை ஃபெராச்சிங்கிற அமெரிக்க டீம்ல. இதுக்கு என்ன சொல்றீங்க?