இதய மாத்திரை சாப்பிடுபவர்கள் கண் சொட்டு மருந்தையும் டாக்டரிடம் காட்டுங்கள்

கானாடுகாத்தானிலிருந்து:

எங்கள் ஆயாவுக்கு 74 வயது. பிரஷருக்காக மெட்டோப்ரோலால் 50 மி.கி. மாத்திரையை ஐந்தாறு வருடமாகச் சாப்பிடுகிறார்கள். எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. போன மாசியில் ஒருநாள் காலையில் வளவைத் தாண்டி வரும்போது கண் இருட்டி, ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்துவிட்டார்கள். நெற்றியில் புடைப்பு; நல்லவேளை, எலும்பு தப்பியது. வயசாகிவிட்டது, சாப்பாடும் குறைவு என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டு உப்புப் போட்ட மோரைக் கொடுத்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. மறுநாளும் தலைசுற்றல் வந்த பிறகுதான் காரைக்குடிக்குக் கூட்டிப்போனோம்.

நாடி 42. பிரஷர் 100/60. உடனே ஈசிஜி எடுத்து, இரண்டு நாள் மானிட்டரில் வைத்துவிட்டார்கள்.

என்னென்ன மருந்து என்று டாக்டர் கேட்டார். மாத்திரை அட்டையைக் காட்டினேன். "வேறு ஏதாவது? தைலம், சொட்டு, நாட்டு மருந்து?" என்று மறுபடியும் கேட்டார். அப்போதுதான் ஆயா, "கண்ணுக்கு ஒரு சொட்டு விடுறேன்" என்றார்கள். கண் அழுத்தத்துக்காக மூன்று மாதத்துக்கு முன் எழுதிக்கொடுத்த டிமோலால். சாமி வீட்டு மாடத்திலேயே இருக்கும். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு இரண்டு கண்ணிலும் விட்டுக்கொள்வார்கள். நாங்கள் யாரும் அதை மருந்துக் கணக்கில் சேர்த்ததே இல்லை.

"கண்ணுல விடுறது நெஞ்சுக்கு எப்படி ஐயா போகும்?" என்று ஆயா கேட்க, டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கண்ணீர் வடிகிற குழாய் வழியாக அது மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் கலந்துவிடுமாம். விழுங்கும் மாத்திரையை ஈரல் ஓரளவு சிதைத்துவிடும். சொட்டுக்கு அந்தத் தடை கிடையாது. மெட்டோப்ரோலாலும் டிமோலாலும் பீட்டா பிளாக்கர்தான், அதாவது இதயத் துடிப்பை மெதுவாக்கும் வகை மருந்து. ஏற்கெனவே மெதுவாகத் துடித்த இதயத்தை இரண்டும் சேர்ந்து இழுத்துப் பிடித்திருக்கின்றன.

கண் டாக்டரிடம் பேசி வேறு வகைச் சொட்டுக்கு மாற்றினார்கள், மாத்திரை அளவையும் குறைத்தார்கள். இரண்டு வாரத்தில் நாடி 62. இப்போது தினமும் ஒரு நிமிடம் நாடியை எண்ணி காலண்டரில் குறித்து வைக்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து:

நாற்பது வருடம் மருந்துக்கடையில் நின்றவன் நான். இந்தப் பீட்டா பிளாக்கர் வகை மருந்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பரபரப்பில் உடம்பில் சுரக்கும் அட்ரினலின் இதயத்தை விரட்டாமல் தடுத்தால் நெஞ்சுவலி குறையும் என்று யோசித்து, 1960களில் இந்த வகையில் ப்ரோப்ரனலால் என்ற மருந்தை உருவாக்கியவர் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக். 1988இல் நோபல் பரிசு பெற்றார். எத்தனையோ உயிரைக் காத்த மருந்து.

ஆனால் ஆயா கதையைப் படித்துவிட்டு யாரும் தானாக நிறுத்திவிடாதீர்கள். என் மைத்துனர் ஒருவர் கல்யாண வீட்டு வேலையில் இந்த வகை மாத்திரையைச் சென்னையிலேயே விட்டுவிட்டு வந்தார். நாலு நாள்தானே என்று இருந்துவிட்டார். பந்தி நடக்கும்போது நெஞ்சு படபடத்து வலி வந்துவிட்டது, பிரஷர் 190/110. மருந்து தடுத்திருந்த காலத்தில் இதயம் கொஞ்சம் அட்ரினலினுக்கே துள்ளுகிற நிலைக்கு வந்திருக்கும். தடையை ஒரே நாளில் எடுத்தால் எல்லாம் சேர்ந்து தாக்கும். நிறுத்துவதென்றால் டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

ஆஸ்துமா உள்ளவர்களும் டிமோலால் சொட்டு எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும்.

பள்ளத்தூரிலிருந்து:

என் அப்பச்சிக்குச் சர்க்கரையும் உண்டு, அதே பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையான அட்டெனலாலும் உண்டு. சர்க்கரை இறங்கினால் முன்பெல்லாம் கை நடுங்கும், படபடக்கும்; உடனே தெரிந்துகொள்வார்கள். மாத்திரை தொடங்கியபின் அந்த இரண்டும் வரவில்லை, வேர்வை மட்டும்தான் வந்தது. ஒரு மத்தியானம் பட்டாலையில் சட்டை நனைந்து உட்கார்ந்திருந்தார்கள், வெயில் என்று நினைத்தோம். சோதித்தால் சர்க்கரை 54. அன்றிலிருந்து வேர்த்தால் முதலில் விரலில்தான் குத்திப் பார்க்கிறோம்.