ரூட் கேனால் செலவுக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கேள்வி:
அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் பத்து நாளாக வலி, ராத்திரி படுத்தால் விண்விண்ணென்று தெறிக்கிறது. ரூட் கேனால் செய்து, அதாவது பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்து அடைத்து, மேலே கேப் போட வேண்டும் என்கிறார் டாக்டர். குடும்ப மெடிகிளைமில் பணம் வருமா? இரண்டு நாளாக வலி இல்லை, தள்ளிப்போடலாமா?

பதில் 1:
தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். வலி தானாக நின்றால் பல் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, உள்ளே நரம்பு செத்திருக்கலாம், அப்புறம் வேர் நுனியில் சீழ் கட்டும். என் அப்பா அப்படி விட்டுத்தான் ஒருநாள் காலையில் கண் வரைக்கும் கன்னம் வீங்கி எழுந்தார், கடைசியில் பல்லையே பிடுங்க வேண்டியதாயிற்று.

பதில் 2:
சாதாரண பாலிசியில் பெரும்பாலும் விபத்தில் பல் உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் பணம். சொத்தைப் பல்லுக்கு வராது. ஓபிடி, அதாவது ஆஸ்பத்திரியில் சேராமல் பார்க்கும் சிகிச்சைக்கான கவரும் சேர்த்து எடுத்திருந்தால் சிலவற்றில் உண்டு, பாலிசி எடுத்து எவ்வளவு நாள் கழித்துப் பணம் கேட்கலாம் என்ற காத்திருப்புக் காலத்தையும் பாருங்கள்.

பதில் 3:
சென்னை என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போங்கள், கோட்டை ரயில் நிலையம் பக்கம்தான். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்:
சர்க்கரை உண்டு. நாளைக்கே போகிறோம், நன்றி.